நீலமான புகார்

குடிநீர்த் துறைக்கு வரும் புகார்களில் பெரும்பாலானவை, தண்ணீர் பழுப்பாக வருகிறது என்பவைதான். இதை ஆழ்ந்து பரிசீலித்த துறை, குற்றம் பழுப்பின் மீதுதான் என்று கண்டறிந்தது. பழுப்பு எரிச்சலூட்டும் நிறமாம். நீலத்தைப் பார்த்தால் நெஞ்சு குளிருமாம். எனவே, மக்கள் அனுப்பும் புகார் வீடியோக்கள் மேலதிகாரியின் பார்வைக்குப் போகுமுன் நிறம் திருத்தப்பட வேண்டும் என்று ஆணை பிறந்தது. கூடவே 'வண்ணத் திருத்துநர்' என்றொரு பதவியும் பிறந்தது.

அதில் வந்து உட்கார்ந்தவர், அதுவரை கல்யாண வீடியோக்களில் மாப்பிள்ளைகளைச் சிவப்பாக்கிக்கொண்டிருந்தவர். சாக்கடையைக் கொடுத்தாலும் ஓடையாக்கிவிடுவார். மூன்றே மாதத்தில் புகார்கள் அத்தனையும் தீர்ந்தன. வீடியோக்களைப் பார்த்து மேலதிகாரி இரண்டு முறை கண் கலங்கினார்.

திருத்துநர் வீட்டுக் குழாயிலும் பழுப்புதான். மகளுக்கு இரண்டு வாரமாக வயிற்றுப்போக்கு. பொறுத்துப் பார்த்த மனைவி, துருப்பிடித்த குழாயை மாற்றித் தரச் சொல்லி வீடியோ எடுத்துத் துறைக்கு அனுப்பிவிட்டாள். அது நேராக அவர் மேசைக்கே வந்து சேர்ந்தது. மனுஷன் மேலதிகாரியிடம் ஓடினார்.

"சார், இது எங்க வீட்டுக் குழாய். இதை மட்டும் உள்ளபடியே பாத்துடுங்க சார்."

மேலதிகாரி பாட்டில் தண்ணீரை ஒரு வாய் குடித்தார். "திருத்தாததை நான் பாக்கக் கூடாதுங்க. ஆணை இருக்கில்ல? திருத்திக் கொண்டாங்க. பழுப்பா இருந்தா இன்னைக்கே குழாயை மாத்திடலாம்."

"திருத்தினா நீலமாயிடுமே சார்!"

"அப்ப தண்ணி நல்லாத்தானே இருக்கு? இதுக்கா இப்படி மூச்சிரைக்க ஓடி வந்தீங்க?"

பேருக்குத் திருத்திப் பழுப்பை அப்படியே விட்டுவிடுவது என்று முடிவு செய்து திருத்துநர் தன் மேசையில் உட்கார்ந்தார். மஞ்சளை ஒரு துளி குறைத்தார். அழகாக இருந்தது. நிழலில் கொஞ்சம் நீலம் சேர்த்தார். இன்னும் அழகாக இருந்தது. அதற்குமேல் கை நிற்கவில்லை. துருகூட மாலை வெயிலாய் மின்னியது. பெற்ற பிள்ளையின் வயிறு நினைவுக்கு வந்தபோது வீடியோ மேலதிகாரியிடம் போய்விட்டிருந்தது.

சாயங்காலம் அவர் தெருவிலுள்ள எல்லோர் கைபேசிக்கும் பதில் வந்தது: 'தங்கள் தெருவின் குடிநீர் சிறப்பாக உள்ளது. காட்சி இணைப்பில்.'

மனைவி வாய் பிளந்து பார்த்தாள். "என்னங்க, வேற எந்தத் தெருவையோ மாத்தி அனுப்பிட்டாங்க போல. என்னா தண்ணி! எந்தத் தெருன்னு உங்க ஆபீஸ்ல கேளுங்க. பாப்பாவைத் தூக்கிக்கிட்டு அங்கயே குடிபோயிடலாம்."

மகள் திரையை விரலால் தொட்டாள். "அப்பா, எனக்கு இந்தத் தண்ணி."

அவருக்கு வெட்கமாக இருந்தது. கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

மறுநாள் தெருவே துறை வாசலில் வரிசை கட்டியது. ஒவ்வொருவர் கையிலும் அந்த வீடியோ, அதில் தெரியும் தெருவில் வீடு கேட்டு ஒரு மனு. குழாயை மாற்றச் சொல்லி ஒருவரும் கேட்கவில்லை. மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு ஏழாவது ஆளாக நின்றிருந்தவர் வண்ணத் திருத்துநர்.