பருப்பில் வென்ற கணக்கு

கணக்குப் படித்தவனை ஏமாற்ற வெளியாள் தேவையில்லை, அவனே போதும். எழுபதுகளின் நடுவில், சிட்னிக்கு வந்த இரண்டாம் வருடமே இதை நான் நிரூபித்துவிட்டேன்.

ஊருக்குப் போய்க் கலியாணம் கட்டிவிட்டுத் திரும்பியிருந்தேன். மனைவி சாந்தி யாழ்ப்பாணத்தில் ஐந்து மாதக் கர்ப்பம். ஏழாம் மாதம் தாண்டினால் விமானத்தில் ஏற்றமாட்டார்கள். அவளுடைய டிக்கெட்டுக்கு அறுநூற்று நாற்பது டொலர் சேர்த்து வைத்திருந்தேன். அதை அப்படியே கொண்டுபோய்க் கட்டியிருக்கலாம். ஆனால் பிறக்கப்போகும் பிள்ளைக்குத் தொட்டில் வேண்டுமே, தள்ளுவண்டி வேண்டுமே என்று மூளை வேலை செய்யத் தொடங்கியது. (சும்மா இருந்திருக்கலாம்.)

என் திட்டம் இதுதான்: பந்து சிவப்பிலோ கறுப்பிலோ போய் விழும் ரூலெட் சூதாட்டச் சக்கரத்தில் சிவப்புக்கு ஐந்து டொலர் வைப்பது. தோற்றால் பத்து, மறுபடி தோற்றால் இருபது என்று இரட்டித்துக்கொண்டே போவது. எப்போது சிவப்பு விழுந்தாலும் இழந்ததெல்லாம் திரும்பி, மேலே ஐந்து டொலர் லாபம் நிற்கும். என்னிடம் தொடர்ந்து ஏழு தடவை வைக்கப் பணம் இருந்தது. ஏழு தடவையும் எவனாவது தோற்பானா?

சிட்னியின் புறநகரான பென்டில் ஹில்லில் என்னோடு ஒரே வீட்டில் இருந்தவர் நவம் அண்ணை. அந்த வீட்டுக் குசினியில் மூன்று கிழமை பயிற்சி எடுத்தேன். கடதாசித் துண்டுகளில் சிவப்பு, கறுப்பு என்று எழுதிச் சட்டிக்குள் போட்டுக் குலுக்கி எடுப்பேன். காசுக்குப் பதில் மைசூர்ப் பருப்பு. தோற்றுத் தோற்றுப் பருப்பு முடிந்தால் பையிலிருந்து இன்னொரு கை அள்ளுவேன். ஒவ்வொரு நாளும் வெற்றி எனக்கே.

"தம்பி, அங்க பருப்புப் பை இருக்காது" என்றார் அண்ணை, நான் வென்ற பருப்பைக் கழுவி அடுப்பில் வைத்தபடி.

"அண்ணை, இது கணக்கு. உங்களுக்கு விளங்காது."

(அவர் ரயில்வேயில் கணக்கு எழுதுபவர்.)

ஒரு சனிக்கிழமை மத்தியானம் கலியாணக் கோட்டை மாட்டிக்கொண்டு நகரத்துக்குப் போனேன். ஒரு கடையின் மேல்மாடியில் சூதாட்டக் கூடம் நடந்தது. சட்டப்படி அது இல்லை. ஆனால் நகரத்தில் எல்லாருக்கும் வழி தெரியும். முதல் ஒரு மணி நேரம் நான்தான் ராசா. நாற்பது டொலர் வென்று, தொட்டிலுக்கு நிறம்கூடத் தீர்மானித்துவிட்டேன். பிறகு கறுப்பு விழுந்தது. மறுபடி கறுப்பு. ஆறாவது தடவையும் கறுப்பு. நான் கலங்கவில்லை. ஏழாவதற்கு முந்நூற்று இருபது டொலரை எண்ணிச் சிவப்பில் வைத்தேன்.

மேசைக்காரன் அதைத் திருப்பித் தள்ளி, சுவரிலிருந்த பலகையைக் காட்டினான். ஒரு தடவைக்கு இருநூறுக்கு மேல் வைக்கக் கூடாது. குசினியில் அப்படியொரு பலகை இருக்கவில்லை. நான் வாதாடிக்கொண்டு நிற்க, சக்கரம் சுற்றிச் சிவப்பு விழுந்தது.

அப்போதாவது எழும்பியிருக்க வேண்டும். ரோசம் விடவில்லை. இருநூறு வைத்தேன்: கறுப்பு. மிச்சம் முழுவதையும் வைத்தேன்: பூச்சியம், பச்சை. பச்சையென்று ஒரு நிறம் இருந்ததையே நான் அதுவரை மதிக்கவில்லை. திரும்பி வரும் ரயில் டிக்கெட்டை முன்பே எடுத்திருந்ததால் வீடு வந்து சேர்ந்தேன்.

"எவ்வளவு போச்சுது?" என்று கேட்டார் அண்ணை.

"சாந்தியின்ர டிக்கெட்."

அவர் சோறும் பருப்பும் போட்டுத் தந்தார். நான் பருப்பை ஒதுக்கிவிட்டு வெறுஞ்சோற்றைத் தின்றேன்.

சீட் கிடைக்கவில்லை என்று சாந்திக்குப் பொய்க் கடிதம் எழுதினேன். மகள் அங்கேயே பிறந்தாள், தந்தி வந்தது. திரும்பவும் காசு சேர்த்து இருவரையும் கூப்பிட்டபோது பிள்ளைக்கு ஒன்பது மாதம். வந்த அன்றே உண்மையைச் சொன்னேன். சாந்தி இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. அந்த ஒன்பது மாதங்களை நினைத்தால் இன்றைக்கும் வெட்கத்தைவிடத் துக்கம்தான் அதிகம்.

இப்போது வீட்டுக்கு யார் வந்தாலும் மகள் தொடங்கிவிடுவாள். "நான் ஏன் யாழ்ப்பாணத்தில பிறந்தனான் தெரியுமோ? கறுப்பு ஆறு தரம் விழுந்தது!" எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

சாந்தி தேத்தண்ணிக் கோப்பைகளை எடுத்துக்கொண்டே தன் பங்கைச் சொல்லுவாள்: "ஊரில இவரின்ர போட்டோவைக் காட்டினால் பிள்ளை சிரிக்கும். ஏர்போர்ட்டில ஆளைக் கண்டுதான் வீரிட்டு அழுதது."