புண்ணிய மீட்டர்

பள்ளிக்கூட வாசலில் நிற்க இடமில்லை. சைக்கிள்கள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து கிடந்தன. உள்ளே மீட்டர் மகான் வந்திருக்கிறார். மனிதரின் புண்ணியத்தை அளக்கும் கருவியைக் கண்டுபிடித்தவர். அதுவரை இந்த உலகம் எப்படித்தான் ஓடியதோ.

ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் சனிக்கிழமைதோறும் சமூகத் தொண்டு செய்ய வேண்டும் என்பது பள்ளியின் விதி. யார் மனசாரச் செய்தார்கள், யார் ஒப்புக்குச் செய்தார்கள் என்று அறியத்தான் தலைமையாசிரியர் மகானை வரவழைத்திருந்தார். கூடப் போன ஆசிரியையைக் கேட்டால் சொல்லிவிடுவார். ஆனால் ஆசிரியையிடம் மணி அடிக்காதே.

கருவி எளிமையானதுதான். இரண்டு பித்தளைக் கம்பிகள், ஒரு முள், ஒரு மணி. பிள்ளை கம்பிகளைப் பிடித்தால் முள் நகரும். புண்ணியம் நிறைய இருந்தால் மணி அடிக்கும். காணிக்கை வைத்தவர்களின் பிள்ளைகளுக்கு மட்டும் மகான் முதலில் 'அருள் நீரில்' கை கழுவிவிடுவார்.

மாடி வீட்டுப் பையன் ஒரு சனிக்கிழமைகூடத் தொண்டுக்குப் போனதில்லை. அவனுக்கு மணி கணகணவென்று அடித்தது. அவன் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அடுத்து தபால்காரம்மாவின் மகள். முதியோர் இல்லத்திலிருந்து நேராக ஓடி வந்திருந்தாள். பார்வை போன ஒரு பழைய ரயில் டிரைவருக்குப் பேப்பர் படித்துக்காட்டி, முதுகில் வேர்க்குருவுக்குப் பவுடர் பூசிவிட்ட கை. கம்பிகளைப் பிடித்தாள். முள் தூங்கியது.

"இந்தக் கையில தொண்டே இல்லையேம்மா," என்றார் மகான். "இல்லத்துக்குப் போறது வீண். வாராவாரம் எங்கிட்ட அனுப்புங்க, ஏத்தி விடறேன்."

"அதுதான் சரி," என்றார் தலைமையாசிரியர். "இனிமே இல்லம் வேணாம். எல்லாரும் மகான்கிட்டயே போகட்டும்."

மகள் கம்பிகளை விட்டுவிட்டு அம்மாவிடம் வந்தாள். "அம்மா, அந்தத் தாத்தா சனிக்கிழமை என்னைத் தேடுவாரேம்மா. நான் நடிச்சேனாம்மா?"

தபால்காரம்மாவும் காலையில் காணிக்கைக்குப் பணம் எடுத்து வைத்தவள்தான்; இன்னும் கொடுக்கவில்லை. ஆனால் பெற்ற பெண்ணை அவளுக்குத் தெரியும். பெண் பொய்யில்லை என்றால் முள்தான் பொய். மாடி வீட்டுப் பையனின் கையைப் பார்த்தாள். ஈரம். மகளின் கையைப் பார்த்தாள். பவுடர்.

"மகானே, ஒரு சந்தேகம். இது புண்ணியத்தை மட்டும்தான் அளக்குமா?"

"வேற எதையும் தொடாது தாயே."

"நல்லது," என்று மூலையில் சொட்டிக்கொண்டிருந்த தரை துடைக்கும் மாப்பை எடுத்துவந்து இரண்டு கம்பிகள் மேலும் படும்படி வைத்தாள்.

மணி அடித்தது. மாடி வீட்டுப் பையனுக்கு அடித்ததைவிடப் பலமாக.

"மாப்பை மேடையில ஏத்துங்கப்பா," என்றது பின்வரிசை.

மகான் அசரவில்லை. "தரையைச் சுத்தம் பண்றதும் தொண்டுதானே."

"அப்படியா. புண்ணியம் துண்டால துடைச்சாப் போயிடாதுல்ல?"

பையனின் கையை நன்றாகத் துடைத்துவிட்டாள். மகள் தன் பவுடர் கையால் அவனோடு கைகுலுக்கினாள். அவன் கம்பியைப் பிடித்தான். முள் அசையவில்லை.

"அம்மா, என் புண்ணியத்தைத் துடைச்சிட்டாங்க," என்று அலறினான் பையன்.

மகள் வெளியே குழாயில் கை கழுவி, ஈரத்தோடு வந்து பிடித்தாள். மணி ஊரைக் கூட்டியது.

"அருள் எல்லாம் ஈரம்தான்," என்றாள் தபால்காரம்மா. கூட்டம் காணிக்கையைத் திருப்பிக் கேட்டு மகானைச் சூழ்ந்துகொண்டது. மகான் கருவியை விட்டுவிட்டு ஜன்னல் எந்தப் பக்கம் என்று தேடினார்.

"சார், அடுத்த சனிக்கிழமை இல்லத்துக்குப் போகலாமா?" என்றாள் மகள்.

தலைமையாசிரியர் தொண்டையைச் செருமினார். "போம்மா. நானும் வர்றேன்."

படி இறங்கும்போது ஒரு அப்பா ரகசியமாகச் சொன்னார்: "இவரோட மெஷின்தான் சரியில்ல. அடுத்த ஊர்ல ஒருத்தர் வச்சிருக்காராம். அது டிஜிட்டலாம்."

தபால்காரம்மா நின்று அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"தாராளமாப் போங்கண்ணா. கையைத் துடைச்சுக்கிட்டுப் போங்க. மூளையை மட்டும் வீட்லயே வச்சிட்டுப் போயிடாதீங்க."