மூன்றாவது ஆள்

எழும்பிப் போய்விடலாமா என்று கைருன்னிஸா யோசித்து முடிப்பதற்குள் ஸபீனா மிஸ் அடுத்த காரணத்துக்குப் போய்விட்டார்.

பாலாவியில் பள்ளிவாசலுக்குப் பக்கத்து மண்டபத்தில் பெண்களுக்கான கூட்டம். "விவாகரத்து ஏன் கூடுகிறது?" என்று துணியில் எழுதிக் கட்டியிருந்தார்கள். புத்தளத்திலிருந்து வந்த ஆலோசகரான ஸபீனா மிஸ் மைக்கைப் பிடித்தபடி ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தார். பிள்ளை கிடைக்கச் சுணங்குவது. புருசன் வேலை வேலையென்று வீடு தங்காதது. ஒருத்தரோடு ஒருத்தர் நேராகக் கதைக்காமல் விடுவது. மாமியாரோடு ஒரே வீட்டில் இருப்பது.

கைருன்னிஸா விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தாள். சொன்னது எல்லாம் அவள் வீட்டில் இருந்தது. கடைசியாகச் சொன்னது அவளேதான்.

"மிஸ், மாமி நல்லவ எண்டா?" என்று கேட்டுவிட்டாள்.

"நல்லவ, கெட்டவ எண்ட கதை இல்ல உம்மா. புருசன் பொஞ்சாதிக்கு நடுவில மூணாவது ஆள் இருக்கப்படாது. அவ்வளவுதான்."

மண்டபத்தில் இருந்த மருமகள்மார் எல்லாரும் தலையாட்டினார்கள். மாமியார்மார் விசிறியைப் பார்த்தார்கள்.

கைருன்னிஸா பயந்ததற்குக் காரணம் இருந்தது. அன்று காலை, தேத்தண்ணிக் கோப்பையோடு மகனின் அறைப்பக்கம் போனபோது உள்ளே கதை கேட்டது.

"முடிவச் சொல்லுங்க. இனி எனக்குப் பொறுக்க ஏலாது." அது மருமகள் ஸாஜிதா.

"உம்மாவுக்கு நான் என்னெண்டு சொல்லுற?" அது மகன் முபாரிஸ்.

"அது உங்கட பாடு. இல்லாட்டி நான் கண்டக்குழிக்கே போயிர்றன்."

கோப்பையைத் திருப்பிக் குசினிக்கே கொண்டுபோய், அந்தத் தேத்தண்ணியைத் தானே குடித்தாள் கைருன்னிஸா.

கண்டக்குழியில் ஸாஜிதாவின் வாப்பா தோணிக்காரர். ஊர் வழக்கப்படி மகளுக்குச் சீதனமாக வீடு கொடுக்க அவரிடம் வசதி இருக்கவில்லை. அதனால் கல்யாணம் முடித்த நாளில் இருந்து அவள் மாப்பிள்ளை வீட்டில்தான். முபாரிஸ் முந்தலில் ஓர் இறால் பண்ணையில் மேற்பார்வையாளன். காலையில் போனால் இருட்டித்தான் வருவான். இந்த வருடம் இருவருக்கும் இடையில் பேச்சு ஏறக்குறைய நின்றேபோயிருந்தது. "உம்மா, அவக்கிட்டச் சொல்லுங்க, நாளைக்குச் சாப்பாடு கட்டத் தேவல்ல." "மாமி, அவருக்கிட்டச் சொல்லுங்க, அடுப்புக்குக் கேஸ் முடிஞ்சு போச்சு." கைருன்னிஸா குசினிக்கும் முன்வாசலுக்கும் நடந்து நடந்து கால் வலி கண்டிருந்தாள்.

கூட்டம் முடிந்து உப்பளக் காற்று முகத்தில் அடிக்க வீட்டுக்கு நடக்கும்போதே முடிவெடுத்துவிட்டாள். மூன்றாவது ஆள் ஒதுங்க வேண்டும்.

அடுத்த நாளே எலுவன்குளத்தில் தங்கச்சி மர்ஷூதா வீட்டுக்குப் பஸ் ஏறினாள். போக முன் மீன் பொரித்து வைத்தாள். சம்பல் இடித்து வைத்தாள். மகனின் சேட்டுகளை இஸ்திரிப் பெட்டியால் மினுக்கி அடுக்கினாள்.

"நீங்க ரெண்டு பேரும் சந்தோசமா இருங்க. என்னைப் பத்தி யோசிக்காதீங்க," என்று இருவரின் தலையையும் தடவிவிட்டுப் போனாள்.

எலுவன்குளத்தில் வயலுக்குள் யானை வந்தது, போனது. கைருன்னிஸாவுக்கு மனம் முழுக்கப் பாலாவியில். ஒரு கிழமை போகவில்லை, முபாரிஸ் மோட்டார்சைக்கிளில் வந்து நின்றான். முகம் கறுத்திருந்தது.

"வாங்க உம்மா, போவம்."

"ஏன் மகன்? அங்க என்ன?"

"ஒண்டுமில்ல. நீங்க இப்பிடி வந்து கிடக்கிறத எனக்குப் பாத்துக்கிட்டு இருக்க ஏலாது."

வீட்டுக்கு வந்தால் ஸாஜிதாவின் கண் வீங்கியிருந்தது. மாமியாருக்குச் சலாம் சொன்னாள். புருசனைப் பார்த்து, "கூட்டிக்கிட்டு வந்துட்டீங்கதானே. இனி என்ன கதை," என்று சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.

தான் போனதால் வந்த வினை இது என்று விளங்கிற்று. எப்படி வந்தது என்றுதான் விளங்கவில்லை.

சரி, வீட்டை விட்டுப் போகாமலே ஒதுங்கலாம் என்று நினைத்தாள். தன்னுடைய பெரிய அறையை அவர்களுக்கு விட்டுக்கொடுத்துவிட்டு, தேங்காய் போட்டு வைக்கிற சின்ன அறையைக் கூட்டிப் பாய் விரித்துக்கொண்டாள். சமையல், உடுப்புக் கழுவுவது எல்லாவற்றையும் தானே செய்தாள். மருமகளுக்கு ஓய்வு கிடைத்தால் புருசனோடு சிரித்துக் கதைக்க நேரம் கிடைக்கும் என்பது அவள் கணக்கு.

வேலையால் வந்த முபாரிஸ், தேங்காய்க் குவியலுக்குப் பக்கத்தில் உம்மா சுருண்டு கிடப்பதைக் கண்டான். சோற்றுத் தட்டை மூடிவிட்டு எழும்பினான்.

"பாத்தியா?" என்று ஸாஜிதாவைக் கேட்டான்.

"நான் கேட்டனா மாமி? நான் உங்கட அறையக் கேட்டனா?" என்று ஸாஜிதா அழுதாள்.

அதற்குப் பிறகு முபாரிஸ் முன்வாசல் சாய்வுக் கதிரையில் படுத்தான். ஸாஜிதா பழைய அறையில். கைருன்னிஸா தேங்காயோடு. பெரிய அறையில் ஒருவரும் இல்லை. விசிறி மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது, அதை நிறுத்தச் சொல்வதற்கு ஆளுக்காள் கதைக்க வேண்டியிருந்ததால்.

பல்வலி வந்திராவிட்டால் கைருன்னிஸாவின் கதை இத்தோடு முடிந்திருக்கும்.

ஜும்ஆவுக்காக முபாரிஸ் வீட்டில் நின்ற ஒரு வெள்ளிக்கிழமை பகல், வலது கன்னம் வீங்கி, தலை வெடிக்கிற மாதிரி இருந்ததால் சமையலை ஸாஜிதாவிடம் விட்டிருந்தாள். அந்த நேரம் பார்த்து மீன் ஆணத்தில், குழம்போடு சேர்ந்து வந்த முள் ஒன்று அந்தப் பல்லிலேயே குத்தியது. கைருன்னிஸா தட்டைத் தள்ளிவிட்டாள்.

"இது ஆணமா? பூனைக்கும் வைக்க ஏலாது. ஆக்கத் தெரியாட்டி ஆருகிட்டயும் கேட்டுப் படிக்கிறதில்லையா?"

ஸாஜிதா திகைத்து நின்றாள். முபாரிஸ் வாயைத் திறந்தான்.

"நீ என்ன பாக்கிற? சாப்பிடுறதுக்கு மட்டும் வாய் திறக்கிற மனுசன்."

சொன்னதும் கைருன்னிஸா எழும்பிவிட்டாள். கல்யாணம் முடித்த நாளில் இருந்து அந்த வீட்டில் ஒருவரையும் ஏசியவளில்லை. மன்னிப்புக் கேட்கப் பின்பக்கம் போனாள். கிணற்றடியில் சிரிப்புச் சத்தம். முபாரிஸ் கன்னத்தை உப்பிக்கொண்டு, "இது ஆணமா?" என்று உம்மாவைப் போலச் சொல்லிக் காட்டிக்கொண்டிருந்தான். ஸாஜிதா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவளுடைய கை அவன் தோளில் இருந்தது.

கைருன்னிஸா கதவுக்குப் பின்னால் நின்றாள். சந்தோசம் வந்தது. அதோடு இன்னொன்றும் வந்தது. அது என்னவென்று அவள் பார்க்கவில்லை.

பல்வலி மூன்றாம் நாள் நின்றது. ஏச்சு நிற்கவில்லை.

ஏசுவது லேசான வேலை இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது. காலையிலேயே யோசித்து வைக்க வேண்டும். நல்லாயிருக்கிற ஆணத்தை வெளியில் கொட்ட வேண்டும். கூட்டிய வாசலைத் திரும்பக் கூட்டச் சொல்ல வேண்டும். மகன் வாங்கி வந்த சாரியைப் பார்த்து, "இத ஆரு உடுக்கிற?" என்று கேட்க வேண்டும், அது தனக்குப் பிடித்த நிறமாக இருந்தாலும். ஐந்து நேரமும் தொழுதுவிட்டு மன்னிப்புக் கேட்டாள். முசல்லாப் பாயை மடித்து வைத்ததும் திரும்பத் தொடங்கினாள்.

பலன் கண்ணுக்கு முன்னால் தெரிந்தது. இருவரும் பெரிய அறைக்குப் போனார்கள். குசுகுசுத்தார்கள். மோட்டார்சைக்கிளில் ஒன்றாகப் புத்தளத்துக்குப் போய் வந்தார்கள். "அவக்கிட்டச் சொல்லுங்க" என்ற கதையே இல்லை. அயலில்தான் பெண்கள் கைருன்னிஸாவைக் கண்டதும் முக்காட்டை இழுத்துக்கொண்டு ஒதுங்கினார்கள்.

ஒரு நாள் இருவரும் எதற்கோ முறைத்துக்கொண்டது போலத் தெரிந்தது. பயந்துபோன கைருன்னிஸா, சொல்லவே கூடாது என்று வைத்திருந்ததைச் சொன்னாள்.

"அஞ்சு வருசமாச்சு. இந்த வீட்டுக்கு ஒரு புள்ளையப் பெத்துத் தர வக்கில்ல."

ஸாஜிதாவின் கையில் இருந்த சுளகு நின்றுவிட்டது. முபாரிஸ் எழும்பி வந்தான். வந்து, மனைவிக்கு முன்னால் நின்றான்.

"போதும் உம்மா. இவளப் பத்தி இனி ஒரு சொல் சொல்லப்படாது."

அவன் உம்மாவை அப்படிப் பார்த்தது அதுதான் முதல் தடவை. கைருன்னிஸா தேங்காய் அறைக்குள் போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்தாள். இனி இவர்களை ஒருவராலும் பிரிக்க ஏலாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அல்ஹம்துலில்லாஹ் என்றும் சொன்னாள். தலையணை நனைந்துபோயிருந்ததால் அதைத் திருப்பிப் போட்டாள்.

அடுத்த கிழமை ஒரு காலையில் இருவரும் விடிந்ததும் வெள்ளனவே எங்கோ கிளம்பிப் போனார்கள். கொஞ்ச நேரத்தில் வாசலில் ஒரு சின்ன லொறி வந்து நின்றது. இறால் பண்ணையில் லொறி ஓட்டுகிற ஹுனைஸ். முபாரிஸின் கூட்டாளி.

"அஸ்ஸலாமு அலைக்கும் உம்மா. அலுமாரி எங்க இருக்கு? கட்டிலயும் கழட்டச் சொன்னான்."

"அலுமாரியா? என்னத்துக்கு?"

ஹுனைஸ் தலையைச் சொறிந்தான். "அவன் இன்னும் உங்களுக்குச் சொல்லல்லையா? நான்தான் வெள்ளனவே வந்துட்டன் போல. முந்தல்ல வீடு எடுத்திருக்கான் உம்மா. ரெண்டு பேரும் அங்க கழுவிக்கிட்டு நிக்கிறாங்க."

கைருன்னிஸா கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். முகத்தில் ஒரு சின்னச் சிரிப்பும் வரத்தான் செய்தது.

"பரவால்ல. எங்கயாவது ஒத்துமையா இருக்கட்டும். விவாகரத்துக்குப் போன சண்டைதானே, முடிஞ்சிச்சே."

"விவாகரத்தா? அப்பிடி ஒரு கதையே இல்லையே உம்மா. ஸாஜிதா தங்கச்சி போன நோன்பில இருந்து தனி வீடு கேட்டுக்கிட்டு இருந்தா, இவன்தான் 'இப்பிடிப்பட்ட ஒரு நல்ல உம்மாவ விட்டுட்டு நான் எப்பிடிப் போற' எண்டு அவளோட சண்ட பிடிச்சுக்கிட்டே இருந்தான், போன கிழமதான் அவனே வந்து வீடு பாக்கச் சொன்னான்."