ஏகாம்பரத்தின் தோம்பு

ஏகாம்பரம் கூரையடியில் வைத்திருந்த பீப்பாய்த் தோம்புக்குள் தலையை விட்டபடி நின்றார். கூரைத் தகரத்திலிருந்து வழிந்து நிறைந்த மழைத்தண்ணீரில் கொசுப்புழுக்கள் சொந்த வீட்டில் இருப்பதுபோல் நெளிந்துகொண்டிருந்தன.

"கொசு ஐயா பக்கத்துத் தெருவுக்கு வந்துட்டாராம்" என்றாள் மனைவி சிவகாமி பின்னாலிருந்து. "புழு இருந்தா தோம்பையே பறிமுதல் பண்ணிடுறாராம்."

காஜா பெராங் வட்டாரம் முழுவதும் கொசு ஐயா என்று பெயர் வாங்கியிருந்தவர், சுகாதார அலுவலகத்து இன்ஸ்பெக்டர் சுப்பையன். வெள்ளைக்காரன் கொடியை இறக்கி மாதங்கள் ஆகியும், காக்கிச் சட்டையும் சைக்கிளுமாக வரும் அவரைக் கண்டால் ஊருக்கு இன்னும் குலை நடுக்கம்தான்.

தோம்பு போனால் ஏகாம்பரத்தின் குடும்ப நிம்மதியே போய்விடும். கிணற்றுத் தண்ணீரோ துரு நிறம். அதில் துவைத்த வெள்ளைச் சட்டை பழுப்பாகும். அதில் போட்ட பருப்பு மதியம்வரை கொதித்தாலும் பல்லுக்கு வேலை வைக்கும். பருப்பு வேகாத நாளில் சிவகாமியிடம் யாரும் பேச்சுக் கொடுக்க முடியாது. மழைத்தண்ணீர் பிடிக்கத் தொடங்கிய பிறகுதான் அந்த வீட்டில் பருப்பும் குழைந்தது, பேச்சும் குழைந்தது. அதனால் அந்தத் தோம்பின் மேல் அவருக்கு உண்மையாகவே பாசம்.

பழைய தண்ணீரைக் கொட்டிவிட்டு, தோம்பின் வாயை ஒரு வெங்காயச் சாக்கால் இறுக்கிக் கட்டினார். அன்றே நல்ல மழை. சாக்கு வழியாக இறங்கிய தண்ணீர், சாக்கில் இருந்த வெங்காய வாசனையையெல்லாம் கூட்டிக்கொண்டு இறங்கியது. பண்டார் ஹிலிர் பகுதியில் அவர் கணக்கெழுதும் கிராணியாக இருந்த ரப்பர் கிடங்கில், அந்தத் தண்ணீரில் துவைத்த அவர் சட்டையை மோந்து பார்த்து, இன்றைக்கு என்ன சாம்பார் என்று எல்லோரும் விசாரித்தார்கள். அதோடு சாக்கின் ஓட்டை வழியாகக் கொசுவும் வழக்கம்போல் போய் வந்துகொண்டிருந்தது.

"லோங்காங் மீனைப் பிடிச்சுப் போடுங்க அண்ணே" என்றான் உடன் வேலை பார்த்த தியாகு. "ஒரு புழு மிச்சம் வைக்காது." சொன்னதோடு நில்லாமல், அவன் வீட்டு வாசல் சாக்கடையான லோங்காங்கிலேயே குட்டி மீன்களை வலைபோட்டுப் பிடித்து, பால் டின்னில் போட்டுக் கொடுத்தான்.

சிவகாமி முறைத்தாள். வெள்ளிக்கிழமை விரதத்துக்கு மீன் நீந்திய தண்ணீரிலா பொங்குவது என்று கேட்டாள்.

"நாம மீனைத் தின்னாத்தான் விரதம் முறியும். அது நீந்துனா முறியாது" என்றார் ஏகாம்பரம். அவள் சிரித்துவிட்டாள். சிரித்த பிறகு மறுக்க முடியவில்லை.

மீன்கள் சொன்னபடி செய்தன. ஒரு வாரத்துக்குள் தண்ணீர் பளிங்காகிவிட்டது. ஏகாம்பரம் தினமும் வேலைக்குப் போகுமுன் தோம்பை எட்டிப் பார்த்துச் சந்தோஷப்பட்டார். ஆனால் புழு தீர்ந்ததும் மீன்கள் வாடத் தொடங்கின. இதற்குள் சிவகாமிக்கு அவை பிள்ளைகள் மாதிரி ஆகிவிட்டன. மனசு கேட்காமல் ஒரு பிடி சோற்றை அள்ளிப் போட்டாள். தண்ணீர் புளித்து நாறியது. மீன்களை வாளிக்கு மாற்றி, தோம்பைத் தேய்த்துக் கழுவி, மறுபடி மழைக்குக் காத்திருந்து நிரப்ப வேண்டியதாயிற்று.

"அதுங்களுக்குப் புழுதான் வேணும்" என்றாள் சிவகாமி முடிவாக. "எங்கேயாச்சும் தேடிக் கொண்டாங்க."

ஏகாம்பரம் தெருத் தெருவாகத் தேடினார். கொசு ஐயாவுக்குப் பயந்து காஜா பெராங்கே துடைத்து வைத்ததுபோல் சுத்தமாக இருந்தது. வேறு வழியில்லாமல் குளியலறைக்குப் பின்னால் தேங்காய்ச் சிரட்டைகளை வரிசையாக வைத்து, தண்ணீர் ஊற்றி, அவரே புழு வளர்க்க ஆரம்பித்தார். அதில் அவருக்கு நல்ல கைராசி. மீன்கள் கொழுத்தன. சிரட்டையில் மிஞ்சியதெல்லாம் கொசுவாகி வீட்டுக்குள் வந்தது. புருஷனும் பெண்டாட்டியும் கொசுவலைக்குள் உட்கார்ந்துதான் சோறு தின்றார்கள். இருந்தாலும் பருப்பு குழைந்திருந்தது. அதற்கு மேல் அவர் எதையும் கேட்கவில்லை.

அப்படி இருவரும் வலைக்குள் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் வாசலில் சைக்கிள் மணி அடித்தது.

கொசு ஐயா வலையைப் பார்த்தார். நேரே தோம்புக்குப் போய்க் குனிந்து பார்த்தார். நல்ல தண்ணீர், நல்ல மீன் என்று சொல்லி நிமிர்ந்தார். ஏகாம்பரத்துக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. ஆனால் இன்ஸ்பெக்டர் வாசலுக்குத் திரும்பாமல் குளியலறைப் பக்கம் நடந்தார்.

"அங்க ஒண்ணும் இல்லீங்க ஐயா. ஒரே சேறு" என்று ஏகாம்பரம் குறுக்கே போய் நின்றார். கொசு ஐயா அவரை மெல்ல ஒதுக்கிவிட்டுப் பின்னால் போனார்.

ஒவ்வொரு சிரட்டையிலும் புழு கொதித்துக்கொண்டிருந்தது. கொசு ஐயா முதல் சிரட்டையிலிருந்து கடைசிச் சிரட்டைவரை குனிந்து குனிந்து பார்த்துக்கொண்டே போனார். தோம்பு போயிற்று, பருப்பு போயிற்று, இனி வீட்டில் அமைதியும் போயிற்று என்று ஏகாம்பரம் கண்ணை மூடிக்கொண்டார். தப்பெல்லாம் என்னுடையது என்று சிவகாமி சொல்ல வாயெடுத்தாள்.

கொசு ஐயா வேலிக்கு அப்பால் யாராவது இருக்கிறார்களா என்று எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"கொசுப்புழு ஒழிக்க ஆபீஸ் தொட்டியில வளர்க்குற மீனெல்லாம் புழு கிடைக்காம பட்டினி கிடக்குதுங்க, நான் வீடு வீடாப் புகுந்து தேடுறதே இதுக்குத்தான், ஒரு ரெண்டு சிரட்டை கொடுக்க முடியுமா?"