சாமுவைத் திட்டி ஓர் ஆல்பம்

காஞ்சிபுரத்தில் கிளம்பிவிட்டால் நிறுத்த முடியாதவர்கள் இருவர். ஒருவர், தேரில் ஏறிய வரதர். இன்னொருவர், பியானோவில் கை வைத்த ஜாஸ்தி மாஸ்டர். தேரையாவது முட்டுக்கட்டை போட்டு நிறுத்திவிடலாம்.

ஜாஸ்தி என்பது அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் அல்ல. பிள்ளையார்பாளையத்தில் எங்கள் பக்கத்து வீட்டுக்கு அவர் குடிவந்த அன்று, எதிர்வீட்டு ஏகாம்பரம் தறியிலிருந்து எழுந்து வந்து விசாரித்தார்.

"இன்னா சார் வாசிப்பீங்க?"

"ஜாஸ்."

"ஜாஸ்தியா? இன்னாத்த ஜாஸ்தியா?"

"ஜாஸ்பா! ஜாஸ்!"

"அதான் சார், இன்னாத்த?"

சாயங்காலத்துக்குள் தெருவே அவரை ஜாஸ்தி மாஸ்டர் ஆக்கிவிட்டது. சென்னையில் ஒரு பெரிய ஹோட்டலின் வரவேற்புக் கூடத்தில் பல வருடம் பியானோவில் ஜாஸ் என்கிற அந்த மேற்கத்திய இசையை வாசித்துவிட்டு, வயதான பிறகு சொந்த ஊருக்குத் திரும்பியவர். இங்கே பக்கத்து ஊர் முசரவாக்கத்து சாமுவேலோடு சேர்ந்து கல்யாண ரிசப்ஷன்களில் வாசித்தார். சாமுவின் வாத்தியம் சாக்ஸபோன். இருவரும் மேடையில் பேசிக்கொண்டே வாசிப்பார்கள். பேச்சு என்றால் பெரும்பாலும் வசவு.

ஒரு ரிசப்ஷனில் மாப்பிள்ளையின் தாய்மாமன் ஒரு சினிமாப் பாட்டு கேட்டார். மாஸ்டர் ஒழுங்காகத்தான் தொடங்கினார். பல்லவி முடிந்ததும் பாட்டை விட்டு இறங்கி, ஏதோ சந்துக்குள் புகுந்து நடக்க ஆரம்பித்தார். சாமுவும் பின்னாலேயே போனார். மணமக்கள் போட்டோ எடுத்துக்கொண்டார்கள், சாப்பிட்டார்கள், தாம்பூலப் பை கொடுத்து முடித்தார்கள். சமையல்காரர்கள் அண்டா கழுவ உட்கார்ந்துவிட்டார்கள்.

தாய்மாமன் மேடை ஏறினார். "மாஸ்டர், நான் கேட்ட பாட்டு எங்க?"

"வந்துக்கினு இருக்குதுபா. ஏன் அவசரப்படற?"

சாமு வாயிலிருந்து சாக்ஸபோனை எடுத்து, "முசரவாக்கம் தாண்டிட்ச்சி சார்" என்றார்.

போன வருடம் சாமு நெஞ்சுவலியில் போய்விட்டார். அதன் பிறகு பக்கத்து வீட்டிலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. பல மாதம் கழித்து ஒரு காலையில் மாஸ்டர் வாசலுக்கு வந்து தெருவுக்கே அறிவித்தார். சாமு ஞாபகமாக ஓர் ஆல்பம் செய்யப் போகிறாராம்.

"நல்லதாச்சே. போட்டோல்லாம் வெச்சிருக்கீங்களா?" என்று கேட்டார் ஏகாம்பரத்தின் மனைவி. அவரைப் பொறுத்தவரை ஆல்பம் என்றால் கல்யாண ஆல்பம்.

"பாட்டு ஆல்பம்மா. நான் பாடப் போறேன்."

தெரு திடுக்கிட்டது. மாஸ்டரின் குரல், தகரக் கூரைமேல் செங்கல்லை இழுத்துக்கொண்டு போவது போல இருக்கும். "வாசிக்கலாமே மாஸ்டர், எதுக்குப் பாடணும்?" என்று நான் நயமாகக் கேட்டுப் பார்த்தேன். உள்ளே அழைத்துப்போய், பியானோவில் பக்கத்துப் பக்கத்தில் இருந்த இரண்டு கட்டைகளைத் தட்டிக் காட்டினார்.

"இந்தக் கட்டைக்கும் அந்தக் கட்டைக்கும் நடுவுல இன்னா இருக்குது?"

"ஒண்ணும் இல்ல."

"சாமு அங்கதாம்மா குடியிருந்தான். பியானோவுக்கு அந்த வீட்டுக்கு வழி தெரியாது. தொண்டைக்குத்தான் தெரியும்."

வழி தெரிந்த தொண்டை அவருடையதுதானா என்று நான் கேட்கவில்லை.

உண்மையில் என் பயம் அவர் குரலைப் பற்றியதல்ல. என் மகன் அருண் அப்போது ஆஸ்பத்திரியிலிருந்து வந்து, காலில் பிளேட்டோடு முன்னறையில் படுத்திருந்தான். தாமல் ஏரிக்குப் பக்கத்தில், ஹைவேயில் நடந்த விபத்து. பைக் ஓட்டியது அவனுடைய சிநேகிதன் கார்த்தி. கார்த்தி வீடு திரும்பவில்லை. அருண் நடப்பான் என்றார் டாக்டர். பேசுவானா என்பதை நான் கேட்கவில்லை. சோறு கொடுத்தால் சாப்பிட்டான். கேட்டதற்கு ஒரு வார்த்தை, அத்தோடு சரி. கார்த்தி பெயரை வீட்டில் யாரும் எடுக்கக் கூடாது என்று நானும் என் கணவரும் முடிவு செய்திருந்தோம். இப்படி நாங்கள் பொத்திப் பொத்தி வைத்திருக்கும்போது, செத்துப்போன சிநேகிதனைப் பற்றி ஒருவர் சுவருக்கு அந்தப் பக்கம் நாளெல்லாம் பாடப் போகிறார்.

எனக்கு முன்னால் அவரைத் தடுத்தது தறிதான். மாஸ்டர் மைக்கை வைத்தார். எதிர்வீட்டிலிருந்து டக்-டடக் என்று சத்தம் அதில் விழுந்தது. அவர் போய் ஏகாம்பரத்திடம் கெஞ்சினார்.

"ஒரு மணி நேரம் தறிய நிறுத்துபா."

"முகூர்த்தப் புடவை மாஸ்டர். நான் நிறுத்துனா பொண்ணு இன்னாத்த கட்டிக்கினு மணவறைல உட்காரும், உங்க பாட்டையா?"

மாஸ்டர் யோசித்தார். திரும்பி வந்து, தறியின் வேகத்துக்கே எல்லாப் பாட்டையும் மாற்றிக்கொண்டார். ஏகாம்பரம் டீ குடிக்கப் போனால் பாட்டும் டீ குடிக்கப் போகும். "என் டிரம்மரு எங்கமா?" என்று அந்த வீட்டு வாசலில் போய் நிற்பார்.

தறிச் சத்தம் இருந்தவரை எங்கள் வீட்டில் பாட்டு வெறும் இரைச்சலாகத்தான் கேட்டது. ஆனாலும் இரண்டு நாளில் எனக்குப் பொறுக்கவில்லை. மூன்றாம் நாள் காலை, இன்று போய்க் கண்டிப்பாகச் சொல்லிவிடுவது என்று தாழ்ப்பாளில் கை வைத்தேன். சரியாக அந்த நேரம் தறி நின்றது.

"இழை அறுந்துட்ச்சி மாஸ்டர்!" என்று ஏகாம்பரம் கத்தினார்.

மாஸ்டர் நிறுத்தவில்லை. கைவைத்துவிட்டாரே, எப்படி நிறுத்துவார்? தெரு மொத்தமும் அமைதியாக இருக்க, வார்த்தை வார்த்தையாகக் கேட்டது. நான் நினைத்தது போல அது இரங்கல் பாட்டு அல்ல. திட்டு.

"டேய் சாமு, என் குடை எங்கடா? மழைக்காலம் வந்துட்ச்சிடா. நெஞ்சு வலிக்குதுன்னு டாக்டராண்ட சொன்ன, பொண்டாட்டியாண்ட சொன்ன, ஆட்டோக்காரனாண்டகூட சொன்ன. ஆட்டோக்காரனுக்குத் தெரிஞ்சது எனக்குத் தெரியலயேடா, பாவி!"

அந்தப் 'பாவி'யை அவர் மேல்சுதிக்குக் கொண்டுபோனார். அங்கே குரல் கிழிந்து, கிடாக்குட்டி கத்துவது போல ஒன்று வெளியே வந்தது.

என் பின்னால் ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது.

திரும்பினேன். அருண் சிரித்துக்கொண்டிருந்தான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கால் வலிக்க வலிக்கச் சிரித்தான். "அம்மா, அந்தாளு செத்தவரப் போயி இப்படித் திட்றாரும்மா" என்றான். அடுத்த மூச்சில் அந்தச் சிரிப்பு அழுகையாக மாறியது. கூரையைப் பார்த்துக்கொண்டு அவனும் ஆரம்பித்தான்.

"டேய் கார்த்தி, லூசு! இருந்தது ஒரே ஹெல்மெட்டு. அத ஏன்டா என் தலைல மாட்டிவிட்ட? ஓட்றவன்தானடா போட்டுக்கணும்! உன்ன எவன்டா பெரிய மனுஷனாக்குனது?"

எங்களுக்கு அதுவரை அது தெரியாது. அத்தனை நாளாக அவன் நெஞ்சுக்குள் இருந்தது அதுதான். நான் ஓடிப்போய் அவன் தலையைப் பிடித்துக்கொண்டேன். அவன் திட்டி முடிக்கும்வரை விட்டேன்.

சற்று நேரத்தில் மாஸ்டர் வாசலில் நின்றார். "யாரும்மா சிரிச்சது? மைக்ல விழுந்திருக்குது."

"மன்னிச்சுக்குங்க மாஸ்டர். பையன்தான். வேணும்னா மறுபடியும் பாடிடுங்க."

அவர் அருணைப் பார்த்தார், அவன் கண்ணைப் பார்த்தார். "மறுபடியும் பாடினா இவ்ளோ கேவலமா வராதும்மா. அது இருக்கட்டும்" என்றார். "ஏம்பா, எந்த எடத்துல சிரிச்ச?"

"பாவில மாஸ்டர்."

"சாமுவும் அங்கதான் சிரிச்சிருப்பான்."

ஆல்பத்தில் நான்காவது பாட்டு அது. தறி நிற்கும் இடத்தில் ஏகாம்பரத்தின் இழை அறுந்த செய்தி இருக்கிறது. 'பாவி'க்குப் பிறகு என் மகனின் சிரிப்பு இருக்கிறது. அவன் இப்போது கைத்தடியோடு நடக்கிறான். வாரம் ஒருமுறை கார்த்தியின் அம்மாவைப் பார்க்கப் போகிறான். போனால் இருவரும் சேர்ந்து கார்த்தியைத் திட்டுகிறார்களாம். எனக்குப் பயம் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். அவன் வெளியே போனால் திரும்பி வரும்வரை வாசலில்தான் நிற்கிறேன்.

பாட்டுகள் எல்லாம் முடிந்த அன்று, மாஸ்டர் அவற்றைப் போனில் ஏற்றி, சாமுவின் மனைவிக்குப் போட்டுக் காட்டப் புறப்பட்டார். பழைய ஸ்கூட்டர். முதல் உதையிலேயே வண்டி எகிறியது. நான் வாசலிலிருந்து ஓடினேன்.

"மாஸ்டர், மெதுவா போங்க!"

"ஏம்மா, இங்க இருக்கிற முசரவாக்கம்."

"எங்க போனாலும் மெதுவா போங்க. உங்களைத் திட்டிப் பாட எங்க வீட்ல யாருக்கும் குரல் இல்ல."