டக்டக் காக்காவும் பொய் சொல்லாத பெருவிரலும்

சம்மாந்துறை நெல் ஆலையை விட்டு, கல்முனைப் பக்கம் நொண்டிக்கொண்டு வந்துகொண்டிருந்தேன். முதுகில் ஒரு பை, அதற்குள் உடுக்க இரண்டு சாரம். அன்று காலை மூட்டையோடு பலகையில் ஏறும்போது இடது குதிக்காலில் ஆணி ஏறியதுபோல ஒரு வலி. மூட்டையையும் என்னையும் சேர்த்துக் கீழே போட்டேன். மேற்பார்வையாளர் ஓடிவந்து மூட்டையைத் தடவிப் பார்த்தார். பிறகு என்னைப் போகச் சொன்னார்.

பின்னால் ஒரு மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. அது முந்தவும் இல்லை, நிற்கவும் இல்லை. திரும்பிப் பார்த்தேன். ஹெல்மட்டுக்குள் ஒரு மூக்குக்கண்ணாடி, என் குதிக்காலையே பார்த்துக்கொண்டு வந்தது.

"தம்பி, இடது குதிக்கால். காலையில எழும்பி முதல் அடி வைக்கக்குள்ள உயிர் போகுது, கொஞ்சம் நடந்தாக் குறையுது. சரியா?"

"நீங்க யாரு, சாத்திரக்காரரா?"

"இல்ல. ஆறு மாசமா இரிக்கும் இது. ஏறுங்க."

அவர்தான் டக்டக் காக்கா; எங்கள் பக்கத்தில் அண்ணனைக் காக்கா என்போம். கல்முனைக் கரையில் உள்ள அத்தனை குதிக்கால்களையும் தெரிந்து வைத்திருந்தவர் உலகத்திலேயே அவர் ஒருவர்தான். முகம்தான் அவர் மூளையில் தங்காது. கலியாண வீட்டில் ஒருவர் கட்டிப்பிடித்து சலாம் சொன்னால் திருதிருவென்று விழிப்பார். அந்த ஆள் மனம் நொந்து நாலு அடி போனதும் பின்னாலிருந்து சத்தம் வரும்: "அடேய், வலது முழங்கால்! எப்ப சவூதியால வந்த?" பார்க்க வந்த சொந்த மச்சானுக்கே ஒருமுறை இலக்கத் துண்டு கொடுத்து, வரிசையில் உட்காரவைத்த மனுசன்.

பள்ளிவாசலில்தான் பெரிய சிக்கல். தொழுது முடிந்த கையோடு முன்வரிசைக்காரரின் தோளைத் தட்டுவார்: "ஹாஜியார், எழும்பக்குள்ள உங்கட குதிநரம்பு இழுக்குது. வந்து காட்டுங்க." புகார் மேல் புகார். கடைசியில் மௌலவியே கூப்பிட்டுச் சொன்னாராம்: "காக்கா, இனி நீங்க முதல் வரிசையில நில்லுங்க. முன்னால குதிக்கால் இல்லாத இடம் அது ஒண்டுதான்." காக்காவும் கேட்டு நடந்தார். அன்றைக்கே, முன்னால் நின்று தொழுவித்த மௌலவியின் கணுக்காலில் ஒரு குறை கண்டுபிடித்தார்.

கொழும்பில் முறையாகப் படித்த பிசியோதெரபிஸ்ட் அவர். டக்டக் என்ற பட்டம் மெஷினால் வந்தது. தையல் மெஷின் அளவில் ஒரு பெட்டி, அதிலிருந்து ஒரு குழாய், நுனியில் துப்பாக்கி மாதிரி ஒரு கைப்பிடி. உள்ளே காற்றின் அழுத்தத்தில் சின்னக் குண்டொன்று ஓடிவந்து முட்டும். அந்த அதிர்வு தோலைத் தாண்டி, நாள்பட்டு நோகிற தசைநாருக்குள் போகும். டக் டக் டக் டக். கீழ்மாடியில் கொத்து ரொட்டிக் கடை. சத்தத்தில் இரண்டுக்கும் வித்தியாசம் கிடையாது. மேலே ஏறிவந்து, "ரெண்டு பீப் கொத்து, உறைப்புக் கூட" என்று சொல்லிவிட்டுக் கட்டிலில் குந்தியவர்களும் உண்டு.

அதிர்ச்சி அலை வைத்தியம் என்ற பெயரைக் கேட்டதும் கரண்ட் அடிக்கும் என்று பயந்து ரப்பர் செருப்போடு படுத்தவர்களும் இருந்தார்கள். "செருப்புக்குள்ளதானே குதிக்கால் இரிக்கி! நான் செருப்புக்கா மருந்து பாக்கிற?" என்று காக்கா கெஞ்சுவார்.

அன்று காக்காவின் பின்னால் ஏறி வந்த நான் செருப்பே போடாததால் அந்தத் தொல்லை இல்லை. சீனி வருத்தம், அதாவது நீரிழிவு, இருக்கிறதா, என்ன குளிசை போடுகிறேன் என்றெல்லாம் கேட்டார். பெருவிரலால் குதிக்காலை அமத்திப் பார்த்தார். வழுவழுப்பாக எதையோ பூசி, கைப்பிடியை வைத்துத் தட்டத் தொடங்கினார்.

"இது என்னத்துக்கு காக்கா அடிக்கிற?"

"கனநாள் நோவ உடம்பு பழகிப்போய்க் கவனிக்காம விட்டுட்டு. நாம போய்த் தட்டி, 'இந்தா, இங்க வேலை பாதியில கிடக்கு' எண்டு சொல்லுற. அவ்வளவுதான். ஆனா சரியான இடத்தில தட்டணும். அத நீங்கதான் சொல்லணும். நோகுதா?"

"இல்ல."

"இப்ப?"

"இல்ல காக்கா."

ஆலையில் நோகிறது என்று சொன்னவனுக்கு அடுத்த நாள் மூட்டை கிடையாது. பத்து வருசமாக என் வாய் படித்த பாடம் அது ஒன்றுதான். காக்கா மெஷினை நிறுத்தினார்.

"வாய் இல்லெண்டுது. கால் பெருவிரல் சுருண்டு ஓமெண்டுது. நான் யார நம்புற? கத்துங்க தம்பி. இங்க கத்தினா வேலை போகாது."

"ஆ."

"இது கொட்டாவி. கத்துங்க!"

அடுத்த தட்டலில் நான் போட்ட சத்தத்தில் கீழே கொத்து நின்றுவிட்டது. கொத்துக்காரர் கையில் இரண்டு தகட்டோடும் மேலே ஓடிவந்து, "யார அறுக்கிறீங்க?" என்றார். காக்காவின் முகம் பெருநாள்போல மலர்ந்தது. "இடம் கிடைச்சிட்டு!"

முடிந்ததும் காக்கா சொன்னார்: "கிழமைக்கு ஒருக்கா வாங்க. மெதுவாத்தான் சுகம் வரும். சிலருக்குக் குறையாமலும் போகும், நான் பொய் சொல்லமாட்டன். அதுவரைக்கும் மூட்டை தூக்கப்படா."

"தூக்காட்டி நான் எப்படிக் காக்கா சாப்பிடுற?"

ஊர் ஊராக நடந்து வேலை தேடுகிறவனுக்குக் கால்தான் காணி பூமி எல்லாம். காக்கா கைப்பிடியைத் துடைத்தார். நான் எழும்ப மனமில்லாமல் ஸ்டூலில் இருந்தேன்.

அடுத்ததாக வந்தவர் மருதமுனையில் கரைவலை இழுக்கிறவர். கதவகலத் தோள், ஆனால் வலது கையைத் தூக்கித் தொப்பி போட முடியாது. கட்டிலில் சரிந்து படுத்தார். காக்கா தலைமாட்டில், நான் கால்மாட்டில்.

"நோகுதா?"

"சேச்சே. அடிங்க காக்கா, நல்லா அடிங்க."

வலைக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு முனகியவனைக் கரையே வருசக்கணக்காக முனகிக் காட்டிக் கேலி செய்யும். அந்த மனுசனும் கூரையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு கிடந்தார். ஆனால் என் மூக்குக்கு முன்னால் அவருடைய பத்துக் கால்விரலும் சுட்ட இறால்போலச் சுருண்டன. பிறகு விரிந்தன.

"காக்கா, விரல்!"

"எப்ப?"

"இப்ப இல்ல. கொஞ்சம் முந்தி, கைய இன்னும் கீழ வெச்சிருக்கக்குள்ள."

காக்கா கைப்பிடியை ஒரு அங்குலம் கீழே இறக்கினார்.

"உம்மோவ்!"

கீழே கொத்து மறுபடியும் நின்றது. வலைக்காரர் எழும்பி உட்கார்ந்து என்னை முறைத்தார். "ஆரு காக்கா இவன், ஆள்காட்டி?"

காக்கா அவரைக் கவனிக்கவில்லை. கட்டிலின் நீளத்தைக் கண்ணால் அளந்தார், தலைமாட்டிலிருந்து கால்மாடு வரைக்கும். "ரெண்டு பக்கமும் நான் எப்படி நிக்கிற?" என்று தனக்குத்தானே கேட்டார். பிறகு என்னிடம், "தம்பி, நாளைக்குக் காலையில எட்டு மணிக்கு வாங்க. குந்தியிருந்து கால்விரலப் பாக்கிற வேலைதான்" என்றார்.

அன்றிரவு பஸ் நிலைய வாங்குப் பலகையில் படுத்தேன். காலையில் முதல் அடி வழக்கம்போல உயிரை எடுத்தது. எட்டு மணிக்குப் படியேறி, வாசலில் நின்றேன்.

காக்கா என் முகத்தைப் பார்த்தார். "என்ன வேணும் தம்பி? இலக்கம் எடுத்தீங்களா?"

நான் ஸ்டூலை நோக்கி நாலு அடி வைத்தேன்.

"ஆ, நீங்களா!" பின்னாலிருந்து குரல் வந்தது. "சாப்பிட்டீங்களா?"

இந்தக் கரையில் என் முகத்தைப் பார்த்தவர்கள் நிறைய. சாப்பிட்டீங்களா என்று கேட்டவர் என் குதிக்காலைப் பார்த்தவர்தான். சாப்பிட்டேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன். பெருவிரல் சுருண்டது. அதைக் கண்டவர் படிக்கட்டில் குனிந்து, ஒரு கொத்து கொண்டுவரச் சொல்லிக் கீழே கடைக்குச் சத்தம் போட்டார்.