மாமா என்று கூப்பிடாதே

"மாமான்னு கூப்பிட்டுராத மாப்ள. இன்னிக்கு ஒரு நாள் 'சார்'தான்."

"சரிங்க மாமா."

"பாத்தியா!"

ஆரோக்கியநாதன் போனிலேயே தலையில் அடித்துக்கொண்டார். தொழிற்சாலைகளில் பாரம் தூக்கும் கருவிகளைச் சோதித்துச் சான்று தரும் சின்ன நிறுவனம் அவருடையது. சர்வதேசத் தர அங்கீகாரம் இருந்தால்தான் ஓசூரில் பெரிய கம்பெனிகள் கேட்டைத் திறக்கும். அதைத் தருமுன் அவர் சோதிப்பதைக் கூட நின்று பார்க்க பெங்களூரிலிருந்து ஜெகதீஷ் என்ற அதிகாரி வருகிறார். ஏற்பாடு செய்திருந்த தொழிற்சாலையிலோ திடீர் ஸ்டிரைக். அவசரத்துக்கு அகப்பட்டது மனைவி அனிட்டாவின் தம்பி வெஸ்லினுடைய பட்டறைதான். சொந்தம் என்று தெரிந்தால் பாரபட்சம் என்று எழுதிவிடுவார்களே!

அவர் போனபோது ஜெகதீஷ் அங்கே காத்திருந்தார்.

"வாங்க சார்! அக்கா..." என்று ஆரம்பித்த வெஸ்லின், "அக்கவுண்ட்ஸ் எல்லாம் நல்லாருக்கா சார்?" என்று சமாளித்தான்.

ஆரோக்கியநாதனுக்கு வியர்த்தது. "யோவ் ஓனரு, தள்ளி நில்லுய்யா!" என்று அதட்டினார்.

"கஸ்டமர்கிட்ட இப்படித்தான் பேசுவீங்களா?" என்றார் ஜெகதீஷ்.

உடனே ஆரோக்கியநாதன் வெஸ்லினின் தோளில் கைபோட்டுச் சிரித்தார்.

"ரொம்ப நாள் பழக்கமோ?"

"ஐயய்யோ, இன்னிக்குத்தாங்க மூஞ்சியே பாக்கறேன்" என்றார் ஆரோக்கியநாதன்.

சொந்தமில்லை என்று காட்ட இனி ஒரே வழிதான். பாரம் தூக்கும் செயின் பிளாக்கின் கொக்கியைத் தடவிப் பார்த்தார். ஒரு குறையும் இல்லை. "தேய்மானம். ஃபெயில்!" என்று, பயன்படுத்தக் கூடாது என்பதற்கான சிவப்பு அட்டையை மாட்டிவிட்டார்.

அன்றைக்கு லாரியில் ஏற்ற வேண்டிய மெஷின் தரையில் நின்றது. வெஸ்லின் முகம் வெளிறியது.

"போன மாசந்தான கொக்கி மாத்தினேன்... சார்."

அந்த 'சார்' நடிப்பு இல்லை.

ஜெகதீஷ் தானே அளந்து பார்த்தார். "தேய்மானமே இல்லீங்களே. இதுக்கு நான் எப்படிங்க கையெழுத்துப் போடறது?" என்று பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

ஆரோக்கியநாதன் அட்டையைக் கழற்றினார்.

"மாப்ள..."

வெஸ்லின் திரும்பிப் பார்க்காமல் லாரிக்காரனைத் தேடிப் போனான். இனி அனிட்டாவின் முகத்தில் எப்படி விழிப்பது?

பட்டறை பெருக்கும் நாகம்மாள் டீ கிளாஸ்களைப் பொறுக்கிக்கொண்டே கேட்டாள்:

"எதுக்கு சார் இந்தக் கூத்து? நீங்க அக்கா வூட்டுக்காரருன்னு தம்பி காலையிலேயே அந்த ஆபீசருகிட்டச் சொல்லிருச்சே. அவருகூட, 'சொந்தம்னா பரவால்ல, மறைக்காம அவரே சொன்னாச் சரி, அதுவரைக்கும் நீங்க காட்டிக்காதீங்க'ன்னாரு. அதுக்குத் தம்பி என்னா சொல்லுச்சு தெரியுமா? 'எங்க மாமா எனக்காகக்கூட ஒரு பொய் சொல்லமாட்டாருங்க'ன்னுச்சு."